டோக்கன் வாங்காதது

வடகடலில் இரவு இரண்டே காலுக்கு
மடி பிடித்துக்கொண்டது.
பாறையென்றால் படகு உதறும்.
இது உதறவில்லை,
முளையில் கட்டிய மாடு சுற்றுவதுபோல
மெல்ல அணியத்தைத் திருப்பியது.
நம்புமுருகன் கியரை விட்டார்.
‘கல்லு இல்லடா. இது வேற.’

வின்ச் முனகி முனகி ஏற்றியது.
பலகையின் இரும்பு லாடத்தில் தொங்கிக்கொண்டு வந்தது
என் மணிக்கட்டுத் தடிமனில் ஒன்று.
சிப்பி அப்பி, பாசி முளைத்து,
ஒரு பக்கம் நம் கரைக்கும்
மறுபக்கம் அவர்கள் கரைக்குமாகத்
தண்ணீருக்குள் இறங்கிப் போயிற்று.

ஜெர்வின் சுரண்டிப் பார்த்தான்.
தார், சணல், கம்பி, கம்பிக்குள் இன்னும் ஏதோ.
‘உள்ள முடி மாதிரி கண்ணாடிண்ணே.
அதுல வெளிச்சம் ஓடும். எல்லாப் போனும் இதுதான்.’
ஐ.டி.ஐ.யைப் பாதியில் விட்டவன்.
அவன் சொன்னால் பாதி நம்பலாம்.
‘போன் சாட்டிலைட்டுலல்ல போகுது’ என்றார் காளீஸ்.
எல்லோரும் ஒருமுறை வானத்தைப் பார்த்தோம்.
கொஞ்சம் மேகம் இருந்தது.
பிறகு லாடத்தில் தொங்கியதைப் பார்த்தோம்.

‘மடி அறுபதாயிரம். முதலாளி நம்ம பங்குலதான் பிடிப்பாரு.
கீழ ஆக்சா பிளேடு கிடக்கு.’
காளீஸ் சொன்னதில் தப்பில்லை.
மகளுக்கு நர்சிங் மூன்றாம் தவணை நிற்கிறது.

நான் பேசவில்லை.
எனக்கு வியாழக்கிழமை ஞாபகம் வந்தது.
தங்கச்சிமடத்து அக்கா புருஷன் கித்தேரியான்
வவுனியா சிறையில் ஐந்தாம் மாதம்.
கோடு தாண்டினாராம்.
கோடு ஜிபிஎஸ்ஸில் இருந்தது.
ஜிபிஎஸ் அன்றைக்குச் சார்ஜ் இல்லாமல் கிடந்தது.
வியாழன்தோறும் ஆறு நிமிடம் பேச விடுவார்கள்.
முதல் நிமிடம் அக்கா அழுவாள்.
கடைசி நிமிடம் அவர் இருமுவார்.
நடுவே நாலு நிமிடத்தில்
குழுக்கடன், ஒழுகும் ஓடு, சின்னவனுக்குப் பல் விழுந்தது.
அந்தப் பல் இந்த வழியாகவா போயிற்று?
இந்தத் தாருக்கும் சணலுக்கும் உள்ளே,
நான் பிடித்திருக்கும் இந்த இடத்தையும் தாண்டி?

எங்களுக்கு டோக்கன் உண்டு,
பதிவெண் உண்டு, கைரேகை வைத்த அட்டை உண்டு.
இது எதையும் வாங்காமல்
இரவும் பகலும் கோட்டைத் தாண்டிப் போய்
கைதாகாமல் திரும்பி வருகிறது.
காவலுக்கு ஆளில்லை.
ஒரு நங்கூரம் போதும்.
ஸ்டியரிங்கில் கண்ணயர்ந்த ஒரு டிரைவர் போதும்.
தவணை பாக்கியுள்ள ஒரு தகப்பன் போதும்.

நம்புமுருகன் எஞ்சினை நிறுத்தச் சொன்னார்.
குனிந்து, சிப்பி கன்னத்தில் கீற,
காதை வைத்தார்.
‘உசுரு இருக்காண்ணே?’
‘ஒண்ணும் கேக்கல.’
‘அப்ப செத்ததா?’
‘வெள்ளக்காரன் போட்ட தந்திக் கம்பியாவும் இருக்கலாம்.
செத்ததும் சத்தம் போடாது, உசுரோட இருக்கிறதும் போடாது.’
நிமிர்ந்து உப்பைத் துடைத்தார்.
‘நம்ம ரோப்ப அறு.’

அதே பிளேடால் காளீஸ்தான் அறுத்தார்,
அதன் அம்மாவைத் திட்டிக்கொண்டே.
கம்பிவடம் கடைசி இழையில் விண்ணென்று தெறித்தது.
காரலும் நண்டும் இறாலுமாய் மடி போயிற்று.
எங்கள் பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
அதுவும் போயிற்று.
திரும்பும்வரை யாரும் டீ போடவில்லை.

அந்த வியாழன் போன் வரவில்லை.
அக்கா மணி பத்துவரை
சார்ஜர் வயரை விட்டு நகரவில்லை.
ஊரில் எல்லோர் போனும் ஓடியது.
ஜெர்வின் சுவரில் சாய்ந்து ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான்,
என் முகத்தைப் பார்த்ததும் அணைத்துவிட்டான்.

சனிக்கிழமை வந்தது.
அன்றைக்கு அங்கே கரண்ட் இல்லையாம், அவ்வளவுதான்.
அக்கா தன் நிமிடத்தை அழுது முடித்தாள்.
ஓட்டுக் கணக்கைச் சொல்லும்போது
அவர் குரல் ஒரு சொல்லின் நடுவில் நின்று
திரும்ப வந்தது.
அவள் கவனிக்கவில்லை.
ஆறு பாகத் தண்ணீருக்குக் கீழே
எங்கள் பலகை
புரண்டு படுத்திருக்க வேண்டும்.